லீவு போடாத உத்தமர்!

"போன வருஷம் பூரா ஒருநாள்கூட லீவு போடாதவங்க கை தூக்குங்க!"

ஆபீஸ் மோசடிகளைக் கண்டுபிடிக்க, தடுக்க... என்று இரண்டு நாள் பயிற்சி வகுப்பு. போய் உட்கார்ந்ததும் வந்து விழுந்த முதல் கேள்வி இது. பதக்கம் ஏதாவது குத்தப் போகிறாரோ என்ற நப்பாசையில் மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றாவது கை அடியேனுடையது.

பாடம் எடுத்தவர் பேங்க் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"உங்க ஆபீஸ்ல பணம் காணாமப் போச்சுன்னா, உங்க மூணு பேர் டிராயரைத்தான் முதல்ல திறப்பேன்!"

வகுப்பே சிரித்தது. என் கை சத்தமில்லாமல் கீழே இறங்கியது.

காரணத்தையும் சொன்னார். பூட்டை உடைக்கிற திருடனுக்கு ஒரு ராத்திரி வேலைதான். கணக்கில் கை வைக்கிறவன் பாடு அப்படியில்லை. இன்றைக்கு எடுத்ததை நாளை வரும் பணத்தால் மூட வேண்டும். அதை மூட மறுநாள் பணம்... கைக்குழந்தை மாதிரி தினமும் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு நாள் வேறொருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் குழந்தை அழுது ஊரைக் கூட்டிவிடும்!

அதனால்தான் 2021-ல் ரிசர்வ் வங்கி, பேங்க்குகளில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் குறைந்தது 10 வேலை நாள் லீவில் அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டது. நாம் லீவு கேட்டால் முறைக்கிற உலகத்தில் இப்படியும் ஒரு சட்டம்!

ஒரே ஆள்... இரண்டு வேலை!

1995-ல் பேரிங்ஸ் வங்கி திவாலானது. இங்கிலாந்தில் 233 வருஷம் நின்ற வங்கி. கவிழ்த்தவர் அதன் சிங்கப்பூர் அலுவலகத்தில் இருந்த நிக் லீசன் என்ற 28 வயசு இளைஞர். மார்க்கெட்டில் வாங்கி விற்பதும் அவரே. அந்தக் கணக்கைச் சரிபார்க்கிற பிரிவுக்குத் தலைவரும் அவரே! நஷ்டத்தையெல்லாம் 88888 என்று ஒரு கணக்கில் தள்ளி ஒளித்து வைத்தார். கடைசியில் நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. வங்கி விலை போனது ஒரே ஒரு பவுண்டுக்கு!

"ஆக, கேஷ் ஒருத்தர் கையில, கணக்கு இன்னொருத்தர் கையில. இது சந்தேகம் இல்லே சார், தடுப்பூசி" என்றார் வாத்தியார்.

டொனால்ட் கிரெஸ்ஸி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1953-லேயே, பணத்தைக் கையாடியவர்களை ஜெயிலில் போய்ப் பார்த்துப் பேசி ஒரு புத்தகம் எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் 'மோசடி முக்கோணம்'. வெளியே சொல்ல முடியாத பணக்கஷ்டம் ஒரு மூலை. யாரும் பார்க்காத சந்தர்ப்பம் இன்னொரு மூலை. 'கடனாத்தானே எடுக்கறேன், ஒண்ணாம் தேதி வெச்சுடுவேன்' என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் மூன்றாவது. அடுத்தவன் கஷ்டத்தையும் மனசையும் ஆபீஸ் என்ன செய்ய முடியும்? சந்தர்ப்பத்தை மட்டும்தான் பூட்ட முடியும்.

போனில் வரும் முக்கோணம்

இரண்டாம் நாள், கம்ப்யூட்டர் காலத்து மோசடிகள். ஆளுக்கொரு ஈமெயில் கொடுத்தார்கள். வழக்கமான சப்ளையர்தான், 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இந்த நம்பருக்கு அனுப்பவும், அவசரம்' என்று இருந்தது. நான் 'ஓ.கே.' போட்டேன். பக்கத்து சீட்காரரும் போட்டார். அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. 'அவசரம்' என்ற வார்த்தை கண்ணைக் கட்டிவிட்டது.

இதற்கு மருந்து சுலபம். போன் போட்டுக் கேட்க வேண்டும். அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல. நம் பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்கு.

'டிஜிட்டல் அரெஸ்ட்' சமாசாரமும் இதே ரகம்தான். போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து மிரட்டுகிறவன் போடும் முதல் கண்டிஷன், 'யாருகிட்டயும் சொல்லாதே!' வீட்டிலுள்ள இன்னொரு ஜோடிக் கண் பார்த்துவிட்டால் அவன் பிழைப்பு போச்சே! வீடியோவில் கைது செய்ய நம் நாட்டில் சட்டமே இல்லை. பணம் போய்விட்டாலும் உடனே 1930-க்கு போன் செய்தால், அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வழி உண்டு. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு லாபம்.

நான் எண்ணாத பணம்

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது பழைய ஆபீஸ் கேஷியர் ஞாபகம் வந்தது.

தங்கமான மனுஷர். ஆறு வருஷம் லீவே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் கேஷை எண்ணிப் பார்த்து நோட்டில் இனிஷியல் போடுவது என் வேலை. அவர் டீ வாங்கித் தருவார். நான் எண்ணாமலே போடுவேன். பெரியவரை நிற்க வைத்து எண்ணினால் மரியாதையா?

திடீரென்று அவருக்கு மஞ்சள் காமாலை. மாற்றாக உட்கார்ந்த பையன் மூன்றாம் நாளே, ஒரே பில்லுக்கு இரண்டு வவுச்சர் இருப்பதைக் கண்டுபிடித்தான். தோண்டத் தோண்ட ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்தது. ஆரம்பம், பெண்ணின் ஹாஸ்டல் ஃபீஸுக்கு எடுத்த மூவாயிரம்!

பணத்தைக் கட்ட அவர் மனைவிதான் வந்தார். கையில் வளையல் இல்லை. போகிறபோது என் டேபிள் பக்கம் நின்றார்.

"தம்பி, வாரா வாரம் நீங்கதானே எண்ணிக் கையெழுத்துப் போட்டீங்க? ஒரே ஒரு வாரம் நிஜமா எண்ணியிருந்தா, அவர் அந்த மூவாயிரத்தோட நின்னிருப்பாரே..."

பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

மறுநாள் முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டேன்.

"எதுக்குய்யா?"

"நான் நல்லவன்னு நிரூபிக்க சார்!"

மேலும் கீழும் பார்த்தவர், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேஷ் புக்கைக் கொண்டு வரச் சொல்லி, பணத்தை எண்ண ஆரம்பித்தார். முதல்முறையாக எனக்குக் கோபம் வரவில்லை.