உயிர்காக்கும் மருந்தும் குடலில் வளரும் ஆபத்தும்

புற்றுநோயாளர்களின் உயிரைப் பறிப்பது எப்பொழுதும் புற்றுநோயே அல்ல. சிகிச்சைக் காலத்தில் அவர்களது குடலிலேயே பெருகும் கிருமிகளும் உயிராபத்தை விளைவிக்கின்றன.

எண்டரோகொக்கஸ் என்னும் பற்றீரியா ஆரோக்கியமானவர்களின் குடலிலும் தீங்கின்றி வாழ்வதாகும். ஆயினும், 1958 இல் பாவனைக்கு வந்த வன்கொமைசின் மருந்துக்கும் அடங்காத அதன் வகைகள் 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டன. 2017 இல் உலக சுகாதார ஸ்தாபனம் இவற்றை உயர் முன்னுரிமைக்குரிய கிருமிகளுள் சேர்த்தது.

புற்றுநோய்க்கான இரசாயன சிகிச்சை, கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களைக் குறைப்பதுடன் குடலின் உட்சுவரையும் புண்படுத்துகின்றது. தொற்றைத் தடுக்க வழங்கப்படும் நுண்ணுயிர்கொல்லிகளோ நன்மை தரும் பற்றீரியாக்களையும் அழித்துவிடுகின்றன. இதனால் மருந்துக்கு அடங்காதவை போட்டியின்றிப் பெருகிக் குருதியினுள் புகுகின்றன. நியூயோர்க்கில் என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்றோரிடம் மேற்கொள்ளப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வொன்று, குருதித் தொற்றுக்கு முன்னரே இக்கிருமி குடலை ஆக்கிரமித்திருந்ததைக் காட்டியது.

வெண்குழியங்கள் குறைந்த நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால் மருந்தைத் தாமதிக்க முடியாது. எனவே, பொருத்தமான மருந்தைத் தெரிவு செய்வதும், தேவை தீர்ந்ததும் நிறுத்துவதும் வைத்தியர்களின் பொறுப்பாகும். நோயாளியைத் தொடுமுன்னரும் தொட்ட பின்னரும் கைகளைக் கழுவுவதோ, பார்வையிட வரும் உறவினர் உட்பட அனைவரதும் கடமையாகும்.