குளிர்மலையிலிருந்து வெயில் நிலத்துக்கு: வவுனியாவில் மலையகத் தமிழர்

காலநிலையை நாடி இடம்பெயர்வது தனிமனித விருப்பின் பாற்பட்டது என்று கருதும் வழக்கம் உண்டு. வட ஐரோப்பிய முதியோர் ஸ்பெயினின் கரையோரத்தில் வீடு வாங்கி, வெயிலிலும் வெளியிலுமாக நாட்களைக் கழிப்பதை இதற்குச் சான்றாகக் காட்டுவர். இலங்கையில் இதன் பழைய எடுத்துக்காட்டு எதிர்த்திசையில் அமைந்தது. காய்ச்சலினின்று தேறுவதற்காக நுவரெலியாவுக்குச் சென்ற சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1848இல் அங்கேயே குடியேறிப் பண்ணை அமைத்தார், வேட்டையாடினார். அவர் குளிரைத் தெரிந்தெடுத்தார். தெரிந்தெடுப்பதற்கு அவரிடம் மூலதனம் இருந்தது.

அம்மலைகளிற் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட வந்த தமிழ்த் தொழிலாளர் நிலை வேறு. வெப்பம் மிக்க தமிழகச் சமவெளிகளிலிருந்து வந்தோர் அவர்கள். காப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, வன்னியின் தென்மேற்கு ஓரக் காடுகளினூடாக மாத்தளை வரை நடந்தனர். வழியிற் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டோர் பலர். ஒரு நூற்றாண்டு கழித்து அவர்களுடைய வழித்தோன்றல்கள் அதே வன்னிக்கு மலையிலிருந்து இறங்கி வந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அவர்களை இறக்கியது வெயில் மீதான ஆசையன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியிருந்தது. 1973-74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களை அடுத்துப் பல தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1977 ஓகஸ்ற் வன்செயல் எஞ்சிய நம்பிக்கையையும் குலைத்தது.

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். வவுனியாவில் 28ஐ ஒட்டியது. மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையிற் பெய்து ஓய்ந்துவிடும். பின்னர் குளம் வற்ற, கச்சான் காற்று வீசும். கம்பளியும் கொழுந்துக் கூடையும் பழகிய உடல் உழுந்து, எள்ளு, கச்சான் பயிர்களுக்கும், இரவிற் பன்றிக்கும் யானைக்கும் காவலிருக்கும் பரணுக்கும் தன்னைப் பழக்க வேண்டியிருந்தது. மலேரியாவும் இருந்தது, இலங்கை அந்நோயினின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இலேயே.

எனினும் இவ்வாழ்வில் ஒரு பேறு இருந்ததை மறுத்தல் நேர்மையாகாது. லயன் காம்பராவில் ஒரே அறையிற் சமையல், உறக்கம், பிறப்பு, இறப்பு அனைத்தும் நிகழும்; வாசலுக்கு அப்பாலுள்ள நிலம் தோட்டத்துக்குரியது. வன்னியிற் கொட்டில் சிறிதாயினும் முற்றம் இருந்தது. அடுப்பு வெளியே வந்தது, மரநிழல் திண்ணையாயிற்று, கோழியும் ஆடும் வந்தன. விடியலிற் பிரட்டுக்கு அழைக்கும் கொம்பில்லை. ‘வெளியில் வாழ்தல்’ என்பது இங்கு ஓய்வைக் குறிக்கவில்லை. கங்காணியின் கண்ணுக்கு வெளியே உழைத்தலையே குறித்தது.

ஆயின் எல்லோருக்கும் அதுவும் வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்தாரும் வன்னிப் பெருநிலக்காரரும் தம் வயல்களுக்கு மலிவான கூலியாட்களாகவே அவர்களுட் பலரைக் கண்டனர். தமிழர் என்ற ஒருமையைப் பேசிய மேடைகள் இவ்வர்க்க உறவைப் பேசியது அரிது. திணைக் கோட்பாட்டை நிலத்தோடும் உற்பத்தியோடும் இணைத்து விளக்கும் பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையை நாம் மீளமீளக் கற்பிக்கிறோம்; குறிஞ்சியிலிருந்து முல்லைக்கு நம் காலத்தில் நடந்த இப்பெயர்வைப் பற்றி நம் ஆய்வுகள் கூறியது சிறிதே. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ (1977) வன்னி விவசாயி மீதான சுரண்டலைப் பொருளாகக் கொண்டமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

எழுபதுகளின் பிற்பகுதியில், கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் வவுனியாவைத் தளமாகக் கொண்டு நடத்திய காந்தீயம் இயக்கம் மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்தியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாகினர். யூலை 27இல் இராஜசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். 1984இல் நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள கென்ற், டொலர் பண்ணைகளிலிருந்து மலையகத்தார் வெளியேற்றப்பட்டு, அங்கு சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுட் பலர் குடும்பத்தோடு அவ்வாண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மாண்டனர்.

நாடற்றோராக எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. காடு வெட்டி, கிணறு தோண்டிய காணிக்கு அனுமதிப்பத்திரம் பெறாத குடும்பங்கள் வன்னியில் இன்றும் உள்ளன.