கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு ஏற்ற சர்க்கார் ஹைஸ்கூல்: திருத்தணி தாலூகா சங்க அங்கத்தினர்களுக்குச் சில குறிப்புகள்

நமது தாலூகாவில் கரும்பு பயிரிடும் குடியானவர் விதைக்கரணை எடுக்கும்போது, எந்தத் தோட்டத்துக் கரும்பு, எத்தனை மாதப் பயிர், கணுவில் பூச்சியரிப்பு உண்டா என்று பார்த்தே எடுக்கிறார். திருவாலங்காட்டுக் கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு அனுப்பினால் எடைச்சீட்டைச் சரிபார்க்காமல் வீடு திரும்புவதில்லை. இத்துணை ஜாக்கிரதை வாய்ந்தவர், ஐந்தாம் வகுப்பு முடித்த தம் பிள்ளையை மேற்கொண்டு எங்கே சேர்ப்பது என்னும் விஷயத்தில் மட்டும், தெருமுனையில் வந்து நிற்கும் மஞ்சள் நிறப் பஸ்ஸைக் கண்டும், அண்டை வீட்டார் சேர்த்துவிட்டனர் என்று கேட்டும் ஒரே நாளில் முடிவு செய்துவிடுகிறார். நகை அடகுக்குப் போகிறது. முதல் வருஷக் கட்டணம் கட்டப்படுகிறது. பிள்ளை மந்தபுத்தியுடையவனாயின் இதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்கும். நன்றாய்ப் படிக்கும் பிள்ளையாயின், பணத்தினும் பெரியதொன்று கைநழுவிப் போவதைப் பலர் அறியார்கள். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டுச் சட்டசபை 2020-ம் வருஷத்தில் இயற்றிய சட்டமொன்றின்படி, வைத்தியம், பல் வைத்தியம், இந்திய வைத்தியம், ஹோமியோபதி ஆகிய படிப்புகளில் சர்க்கார் ஒதுக்கீட்டிலுள்ள இடங்களில் நூற்றுக்கு 7.5 வீதம், 6 முதல் 12 வரையிலான வகுப்புகளைச் சர்க்கார் பள்ளிகளிலேயே படித்து, நீட் பரீட்சையிலும் தேறியவர்களுக்கென்று வைக்கப்பட்டிருக்கிறது. 2021-ம் வருஷத்துச் சட்டத்தால் பொறியியல், விவசாயம், மிருக வைத்தியம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே விகிதம் விரிக்கப்பட்டது. இவ்வழியாய் இடம் பெறுவோரின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்பதாகவும் அறிவிக்கப்பட்டது. கணக்கிடப்படும் வகுப்புகள் ஏழு. இவற்றில் ஒரு வருஷம் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பி வந்தாலும் தகுதி போய்விடும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ்த் தனியார் பள்ளியில் இலவச இடம் பெற்று 8-ம் வகுப்பு வரை படித்து, 9 முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு.

இங்கே ஒரு மயக்கம் நேருவதுண்டு. சர்க்கார் உதவி பெறும் பள்ளி என்பது வேறு. சர்க்கார் பள்ளி என்பது வேறு. முனிசிபாலிடி பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் மேற்படி சட்டத்தின் கண்ணில் சர்க்கார் பள்ளிகளே. உதவி பெறும் பள்ளி அவ்வாறு கருதப்படுவதில்லை. ஆனால் 2022-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி பெண்களுக்கெனத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் ஆண்களுக்கென வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும், கல்லூரியிற் படிக்குங் காலத்தில் மாதம் ரூ. 1,000 கொடுப்பதற்காக ஏற்பட்டவை. முந்தியது 2024-ல் விரிவாக்கப்பட்டபின், உதவி பெறும் பள்ளிகளில் தமிழில் படித்தவர்களும் இவ்விரண்டிலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திருப்தியடையாமல், அது எந்த நிர்வாகத்தைச் சேர்ந்தது என்று தலைமை உபாத்தியாயரிடமே கேட்டறிவது அவசியம்.

நமது தாலூகாவுக்கு எல்லைப்புறம் என்னும் விசேஷமும் உண்டு. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி வரையில் திருத்தணி ஆந்திர ராஜ்யத்துச் சித்தூர் ஜில்லாவில் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எல்லை மாறிற்றேயன்றி உறவுமுறை மாறவில்லை. நகரியிலோ புத்தூரிலோ மாமன் வீடு இருக்கிறது, அங்கே தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்புவது சகஜமாயிருக்கிறது. அவ்விடத்துப் பள்ளிகளைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் அங்கே கழிக்கும் வருஷம் இங்கே மேற்சொன்ன ஏழு வருஷக் கணக்கில் சேராது என்பதை அனுப்புமுன் யோசிக்க வேண்டும். மத்திய சர்க்காரின் நவோதயப் பள்ளியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அதில் சேர விரும்பும் பிள்ளை அந்தந்த ஜில்லாவிலேயே 5-ம் வகுப்புப் படிக்கிறவனாக இருத்தல் வேண்டுமென்பது விதி. ஆதலால் எல்லைக்கப்பாலுள்ள நவோதயப் பள்ளியை எண்ணி இங்குள்ளவர்கள் காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

இனி உபகாரச் சம்பளங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். எந்தப் பள்ளியில் படிப்பது என்பதோடு இவை நெருங்கிய சம்பந்தமுடையவை.

மத்திய சர்க்கார் 2008-ம் வருஷத்தில் ஏற்படுத்திய தேசிய வருவாய்வழித் திறன் பரீட்சை 8-ம் வகுப்பில் நடக்கிறது. சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளி, முனிசிபாலிடி போன்ற ஸ்தல ஸ்தாபனப் பள்ளி ஆகியவற்றில் படிப்பவர்களே எழுதலாம். 7-ம் வகுப்பில் நூற்றுக்கு 55 மார்க்கு வேண்டும். பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 5 மார்க்கு தளர்த்தப்படுகிறது. பெற்றோர் வருமானம் வருஷத்திற்கு ரூ. 3,50,000-க்கு மேற்படலாகாது. பரீட்சை இரண்டு பகுதி: ஒன்று யோசனைத் திறனைச் சோதிப்பது, மற்றொன்று பாடங்களைச் சார்ந்தது, ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள். தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு 9 முதல் 12 முடிய வருஷந்தோறும் ரூ. 12,000. நான்கு வருஷத்தில் ரூ. 48,000 ஆகிறது. இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும்.

மற்றொன்று ஊரகத் திறனாய்வுப் பரீட்சை. இது 9-ம் வகுப்பில் நடப்பது. ஒவ்வொரு ரெவினியூ ஜில்லாவிலும் 50 ஆண்களும் 50 பெண்களும் பொறுக்கப்பட்டு, 12-ம் வகுப்பு வரை வருஷத்திற்கு ரூ. 1,000 பெறுகிறார்கள். தொகை சிறிது, நூற்றுவரில் ஒருவர் என்னும் கௌரவம் பெரிது. குடும்ப வருமானம் ரூ. 1,00,000-க்கு உட்பட்டிருக்க வேண்டும். இதில் நம்மவர் கவனிக்கத் தவறுவது யாதெனில், கிராமப் பஞ்சாயத்திலும் பேரூராட்சியிலும் உள்ள பள்ளிகளில் படிப்போரே இதற்கு உரியவர். முனிசிபாலிடி எல்லைக்குள் படிப்போர் உரியவரல்லர். திருத்தணிப் பட்டணம் முனிசிபாலிடி. பள்ளிப்பட்டும் பொதட்டூர்பேட்டையும் பேரூராட்சிகள். எனவே 8-ம் வகுப்பு முடிந்தவுடனே "பட்டணத்துப் பள்ளிதான் உசத்தி" என்று கிராமத்து ஹைஸ்கூலிலிருந்து பிள்ளையை எடுத்துவிடுகிறவர், தம்மை அறியாமலே ஒரு வாசலை அடைத்துவிடுகிறார். கிராமத்து ஹைஸ்கூலில் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் நல்ல உபாத்தியாயர்கள் இருப்பின், 10-ம் வகுப்பு வரையில் அங்கேயே விட்டுவைத்து, 11-ல் பட்டணத்துக்கு அனுப்புவதே என் அபிப்பிராயத்தில் மேலான வழி.

கடன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். தனியார் பள்ளிக்காக ரூ. 1,00,000 கடன் வாங்கி, நூற்றுக்கு 12 வட்டி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். வட்டி மாத்திரம் வருஷத்திற்கு ரூ. 12,000. மேலே கண்ட உபகாரச் சம்பளமும் வருஷத்திற்கு ரூ. 12,000 தான். ஒரு வீட்டில் அத்தொகை உள்ளே வருகிறது; மற்றொரு வீட்டில் அதே தொகை வெளியே போகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே தெருவில் ஒரே புத்திசாலித்தனத்துடன் பிறந்தவர்களாக இருக்கலாம்.

சர்க்கார் பள்ளிகள் எல்லாம் ஒரே தரத்தன என்று இதனால் கொள்ளக்கூடாது. அவற்றுள்ளும் ஏற்றத்தாழ்வு மிகுதி. அதை அறிவது எவ்வாறு? ஜனங்கள் முதலிற் கேட்பது தேர்ச்சி விகிதம். ஒரு பள்ளியில் 24 பேர் எழுதி 24 பேரும் தேறினர். மற்றொன்றில் 220 பேர் எழுதி 200 பேர் தேறினர். முந்தியதற்கு நூற்றுக்கு நூறு என்று விளம்பரம் கிடைக்கும். ஆனால் அந்த 24 பேர் 9-ம் வகுப்பில் எத்தனை பேராக இருந்தார்கள்? 40 பேர் சேர்ந்து 16 பேர் வழியிலே உதிர்ந்துபோயிருந்தால் அந்த நூறு யாருக்கு உபயோகம்? கெட்டிக்காரப் பிள்ளையின் தகப்பனார் கேட்கவேண்டிய கேள்வி வேறு: 12-ம் வகுப்பில் 600 மார்க்குக்கு 500-க்கு மேல் வாங்கினவர்கள் சென்ற மூன்று வருஷங்களில் எத்தனை பேர்? அவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள்? இதற்குத் தயங்காமல் பதில் சொல்லும் தலைமை உபாத்தியாயர் தம் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கவனிக்கிறவர் என்று கொள்ளலாம்.

அடுத்து உபாத்தியாயர் ஸ்தானங்கள். 11, 12 வகுப்புகளில் கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய நான்கிற்கும் முதுகலைப் பட்டம் பெற்ற உபாத்தியாயர்கள் நிரந்தரமாக இருக்கிறார்களா, அல்லது ஏதாவதொரு ஸ்தானம் காலியாகக் கிடந்து தற்காலிக உபாத்தியாயரால் ஓட்டப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். கட்டிடம் பழையதாயிருப்பது பெரிய குறையன்று. பௌதிக உபாத்தியாயர் இல்லாத புதுக் கட்டிடம் பெரிய குறை. ஆய்வுக்கூடத்துப் பூட்டு துருப்பிடித்திருந்தால் அதுவே ஒரு பதில். வருவாய்வழிப் பரீட்சைக்குச் சென்ற வருஷம் எத்தனை பிள்ளைகளை அனுப்பினார்கள், எத்தனை பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதையும் கேட்கலாம். ஒருவரையும் அனுப்பாத பள்ளியில் உங்கள் பிள்ளைக்காக மாத்திரம் புதிதாய் ஊக்கம் பிறக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

11-ம் வகுப்பில் எந்தெந்தப் பிரிவுகள் உண்டு என்பதும் முக்கியம். தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978-ல் ஏற்பட்டது முதல், கல்லூரிப் படிப்பின் திசை அங்கேயே தீர்மானமாகிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இல்லாத பள்ளியில், வைத்தியம், பொறியியல் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள இயலாது. திருத்தணியிற் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவ சாஸ்திரம் எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த அப்பாடப் புஸ்தகங்களைக் கொடுத்ததே என்று சொல்லுவார்கள். அவருக்கு அது நன்மையாக முடிந்தது. மற்றவர்கள் அண்ணன் வைத்திருந்த புஸ்தகத்தை நம்பிப் பிரிவைத் தேர்ந்துகொள்ளலாகாது. சிறு உத்தியோகஸ்தர் ஒருவரின் மகனாகிய அவர், திருப்பதியிலும் வாலாஜாபேட்டையிலும் வேலூரிலும் மாறி மாறிப் படித்து, உபகாரச் சம்பளங்களின் உதவியாலேயே மேலேறினார் என்பது நாம் கவனிக்கத்தக்கது.

2021-ம் வருஷத்துக்குப் பின்னர் ஜில்லாவுக்கு ஒன்றாக ஏற்பட்ட உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கார் பள்ளி மாணவர்களையே பொறுக்கியெடுத்து, 9 முதல் 12 வரை தங்கவைத்து, உயர்ந்த நுழைவுப் பரீட்சைகளுக்குப் பழக்குவது இவற்றின் நோக்கம். வீட்டைவிட்டுத் தங்கும் மனத்திடம் பிள்ளைக்கு இருக்குமாயின் மிகவும் விரும்பத்தக்கது. ஆனால் உணவும் இடமும் அளிக்கும் சர்க்கார் பள்ளிகளில் படிப்போர் வருவாய்வழி உபகாரச் சம்பளத்துக்கு உரியவரல்லர் என்று அத்திட்ட விதிகள் சொல்லுவதால், அச்சம்பளம் பெறும் பிள்ளையை மாற்றுமுன் விசாரித்துக்கொள்வது நலம்.

பாஷையைப் பற்றிப் பலர் கலங்குகிறார்கள். 2012 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் இங்கிலீஷ் வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. அதில் சேர்ப்பது குற்றமன்று. ஆயினும் 2010-ம் வருஷத்துச் சட்டத்தால், மாகாண சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு 20 இடம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2020-ல் வந்த திருத்தத்தால் பள்ளிப் படிப்பும் தமிழில் இருந்தாக வேண்டுமென்று ஆயிற்று. பாஷையை மாற்றுமுன் இதை நினைவில் வைக்கவேண்டும். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்கள் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பிலேயே தமிழ் எழுத்து நன்கு பழகிவிட்டால் 10-ம் வகுப்பில் சங்கடம் குறையும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் மார்க்கைக் காட்டிலும் பஸ் நேரத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்தபின் ஊருக்குப் பஸ் உண்டா? ஆடிக் கிருத்திகை நாட்களில் மலைக்கு வரும் கூட்டத்தில் பட்டணத்துப் பஸ்களில் இடங் கிடைப்பதரிது. அது சில நாள் கஷ்டம். தினந்தோறும் இருட்டில் நடக்கவேண்டியிருந்தால் வீட்டார் ஒரு வருஷத்திற்குள் படிப்பை நிறுத்திவிடுவர். பஸ் பாஸ் இலவசமாயினும், வராத பஸ்ஸுக்குப் பாஸ் எதற்கு?

இவற்றில் சங்கம் செய்யக்கூடியது என்ன? 1904-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய ஆதி ஐக்கிய நாணய சங்கங்களில் ஒன்று நமது ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஏற்பட்டது. அடுத்து வந்த 1912-ம் வருஷத்துச் சட்டமே, லாபத்தில் நாலிலொரு பங்கைச் சேமநிதிக்கு ஒதுக்கியபின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் கல்வி முதலிய தர்மங்களுக்கு, ரிஜிஸ்திராரின் அனுமதியுடன் செலவிட இடங்கொடுத்தது. இப்போதைய சட்டப்படியும் உங்கள் சங்க உபவிதிப்படியும் எவ்வளவு செலவிடலாம் என்பதைக் கூட்டுறவு சார்பதிவாளரிடம் கேட்டு, மகாசபையில் தீர்மானம் செய்துகொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-ல் 20 பேர் கொண்டனவாக மாற்றியமைக்கப்பட்டு, பெற்றோரே பெரும்பான்மையாக இடம் பெற்றனர். சங்க அங்கத்தினர் அக்குழுவில் இருப்பின், காலியான உபாத்தியாயர் ஸ்தானத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை அவர் கையிலிருக்கிறது.

பணமில்லாமலே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வருவாய்வழிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் வருமானச் சான்று, ஜாதிச் சான்று, பாங்குக் கணக்கு ஆகியவை தயாராயில்லாமல் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. 7-ம் வகுப்பில் 55 மார்க்குக்கு மேல் வாங்கிய பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளியிலிருந்து கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கி, சங்கக் காரியதரிசி ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, தாசில்தார் ஆபீஸ் சான்றுகளுக்கு ஜூன் மாதத்திலேயே மனுச்செய்யச் செய்யலாம். சான்றிலுள்ள பெயரும் ஆதார் சீட்டிலுள்ள பெயரும் பள்ளி ரிஜிஸ்தரிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.