மேல்நோக்கிய இறக்கையும் கதவும்

பினாங்கு நீரிணையின் ஒரு கரையில் ஜுரு உள்ளது. மறுகரையில், பாயான் லெப்பாசில், பினாங்கு அனைத்துலக விமான நிலையம் அமைந்துள்ளது. அங்கு வந்திறங்கும் போயிங் 737 விமானத்தை முன்புறமிருந்து உற்றுநோக்குங்கள். அதன் இரு இறக்கைகளும் சற்றே மேல்நோக்கி அமைந்திருக்கும். இஃது அழகுக்காக அன்று. காற்று மோதி விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால், அது தாழ்ந்த பக்கமாகச் சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கைக்கு ஏற்றுவிசை கூடும். அவ்விறக்கை மீண்டும் உயர, விமானத்தின் சாய்வு குறையும்.

பறவை சிறகு விரித்ததுபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகள் சில மகிழுந்துகளிலும் உண்டு. 1954இல் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் அவற்றுள் புகழ்பெற்றது. குழாய்களை இணைத்துச் செய்த அதன் சட்டகம் எடை குறைந்தது. ஆனால், பக்கவாட்டில் உயரமானது. அதனால், வழக்கமான கதவைப் பொருத்த இடமில்லை. எனவே, பொறியாளர்கள் கதவின் கீல்களைக் கூரையில் அமைத்தனர்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் இருந்தது. மகிழுந்து தலைகீழாகக் கவிழ்ந்தால் கதவைத் திறக்க இயலாது. ஆகவே, அந்நிறுவனம் பின்னாளில் தயாரித்த எஸ்எல்எஸ் மகிழுந்தில், கவிழ்ந்தவுடன் சிறு வெடிப்பின்மூலம் கதவுகள் கழன்றுவிடும் ஏற்பாட்டைச் செய்தது.

புதிய வடிவம் ஒன்றைக் கண்டால் வியப்பதோடு நில்லாமல், அதன் காரணத்தையும் பாதுகாப்பையும் ஆராயுங்கள்.