உங்களுக்குத் தெரியுமா? ஒரே மனைக்கு இரட்டை விதி!

நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ‘குடியிருப்புப் பகுதி’ என்றிருப்பதாலேயே விருப்பம்போல் மாடி எழுப்பிவிட முடியாது. வழக்கமான நிலப் பயன்பாட்டின் மேல் இன்னொரு எல்லைக்கோடு போட்டு, அதற்குள் கூடுதல் விதிகள் வைப்பதுதான் மேலடுக்கு மண்டலம். அடிப்படை வகை மாறாது. பொதுவாகக் கடுமையான விதியே செல்லும்.

சென்னையின் 2008 இரண்டாம் முழுமைத் திட்டத்திலும் இப்படிச் சில பகுதிகள் உண்டு. திருவான்மியூருக்குத் தெற்கே கடலோர மணற்பரப்பு அதில் ஒன்று. மழைநீர் நேரே இறங்கி நல்ல தண்ணீராகத் தேங்கும் மண் அது. நெருக்கிக் கட்டி, ஆழ்துளையிட்டு உறிஞ்சினால் கிணற்றில் கடல்நீர் ஏறிவிடும்; அதனால் அங்கே கட்டுவதற்குக் கூடுதல் கட்டுப்பாடு மிக அவசியம். செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புக்கும் தனி விதிகள் உண்டு. துறைமுகத்தில் புயலைக் கண்காணிக்கும் டாப்ளர் ராடாருக்காகக்கூடச் சுற்றுவட்டாரக் கட்டட உயரத்துக்கு வரம்பு இருக்கிறது!

மனை வாங்குமுன் பட்டா, வில்லங்கச் சான்றோடு, அது மேலடுக்கு மண்டலத்தில் வருகிறதா என்பதையும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சிஎம்டிஏ) விசாரித்துவிடுங்கள்.