வயிற்றுப்போக்கா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!



ராத்திரி பதினோரு மணி. ஒரு வயதுக் குழந்தைக்குச் சாயங்காலத்திலிருந்து வயிற்றாலே போகிறது. தண்ணீர் தண்ணீராக ஆறு தடவை போய்விட்டது. குழந்தை வாடிக் கிடக்கிறது. தண்ணீர்ச் சொம்பைக் கண்டால் மட்டும் கையை நீட்டுகிறது.

பாட்டி சொல்கிறார்: "பாலும் குடுக்காதே, தண்ணியும் குடுக்காதே. உள்ளே போனாத்தானே வெளியே வரும்? வயிறு காஞ்சா தானா நின்னுடும்."

தாய்க்கு மனசு கேட்கவில்லை. அத்தை சொல்லைத் தட்டவும் பயம். "என்னங்க, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் தகப்பன், "விடியட்டும், பார்த்துக்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியதுதான். பாட்டி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய பெரியவர்கள் சொன்னதை அவர் சொல்கிறார். ஆனால் இந்த யோசனையைக் கேட்டு நடந்தால், விடிவதற்குள் குழந்தை கைவிட்டுப் போய்விடலாம்.

உயிரைக் கொண்டுபோவது எது?

நாற்றங்காலில் மடை உடைந்து தண்ணீர் வெளியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை உடனே அடைக்க முடியவில்லை. அப்போது வாய்க்காலில் வருகிற தண்ணீரையும் நிறுத்துவோமா? நிறுத்தினால் நாற்று கருகிப் போகாதா?

குழந்தை உடம்பும் அப்படித்தான். பெரும்பாலான வயிற்றுப்போக்கு சில நாட்களில் தானாகவே நின்றுவிடும். அதற்குள் உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான் ஆபத்து. 8 கிலோ எடையுள்ள குழந்தை 800 மில்லி தண்ணீரை, அதாவது நாலு டம்ளர் அளவு, இழந்துவிட்டால் உயிருக்கே மோசம். பேதி வேகமாகப் போனால் ஒரே ராத்திரியில் இவ்வளவும் போய்விடும்.

ஆகவே முதல் வேலை, பேதியை நிறுத்துவது அல்ல. போன தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது.

வீட்டார் கையிலேயே இருக்கும் வைத்தியம்

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் சேர்ந்தால், பேதி போகும் நேரத்திலும் குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். சர்க்கரை உப்பைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போகிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. இதுதான் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு சர்க்கரைக் கரைசல்.

1971ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு அகதிகளாக வந்தார்கள். பன்காவ் என்ற ஊரில் அவர்களிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் போதவில்லை. டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டச் செய்தார். அதைத் தண்ணீரில் கலந்து, நோயாளியின் சொந்தக்காரர்களிடமே கொடுத்து, குடிக்க வைக்கச் சொன்னார். அதற்கு முன் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. அங்கே உயிரைக் காத்தவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிய தாயும் தகப்பனும் அண்ணனும் அக்காவும்தான்.

கரைசலைக் கலக்குவது எப்படி?

1. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.

2. பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவைப் பாருங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு. கடையில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் உண்டு. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

3. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரைச் சுத்தமான பாத்திரத்தில் அளந்து ஊற்றுங்கள். 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதுவே அளவு.

4. பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். பாதியைப் போட்டுவிட்டு, பாதியை நாளைக்கு என்று வைக்கக் கூடாது. தண்ணீர் குறைந்து கரைசல் கெட்டியானால் பேதி அதிகமாகும். தண்ணீர் கூடினால் பலன் குறையும்.

5. மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மீந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கலந்த கரைசலைக் காய்ச்சக் கூடாது. பாலிலோ சோடா, கலரிலோ கலக்கவும் கூடாது.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு தடவை வயிற்றாலே போன பிறகும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் முதல் அரை டம்ளர். 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை முதல் ஒரு டம்ளர். கடகடவென்று ஊற்றாமல் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் "எல்லாம் வெளியே வந்துடுச்சே" என்று விட்டுவிட வேண்டாம். பத்து நிமிஷம் பொறுத்து, முன்னைவிட மெதுவாகக் கொடுங்கள்.

2 மாதத்துக்கு உட்பட்ட சிசு என்றால் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். தாய்ப்பால் கொடுத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ராத்திரியில் பொட்டலம் இல்லையே!

கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஆரம்பியுங்கள். 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில், தலை தட்டிய சிறு தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கலக்கிக் கொஞ்சம் வாயில் விட்டுப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாக உப்புக் கரித்தால் கொட்டிவிடுங்கள். அரிசிக் கஞ்சியில் துளி உப்புப் போட்டுக் கொடுக்கலாம். உப்பிட்ட நீர்மோரும் நல்லது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குக் கஞ்சி, மோர் வேண்டாம். விடிந்ததும் பொட்டலம் வாங்கி வந்துவிட வேண்டும்.

பாலும் சோறும் நிற்கக் கூடாது

தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். இன்னும் அடிக்கடி கொடுங்கள். சோறு சாப்பிடும் குழந்தைக்குக் குழைந்த பருப்புச் சோறு, இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். ஒரே தடவையாகத் திணிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்டுங்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரத்துக்கு தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இளைத்த உடம்பு தேறும்.

ஜிங்க் மாத்திரை என்னும் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். 2 முதல் 6 மாதக் குழந்தைக்கு 10 மில்லிகிராம்; அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. தாய்ப்பாலைப் பீய்ச்சி அதில் கரைத்துக் கொடுங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம். தினம் ஒரு வேளை, 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மறுபடி பேதி வராமலிருக்கவும் அது உதவும்.

செய்யக் கூடாதவை

"பல் முளைக்குது, அதான் பேதி" என்று சும்மா இருக்காதீர்கள். பேதி, பல்லால் வருவதில்லை. தொக்கம் எடுப்பது, சூடு போடுவது, குடல் தட்டுவது எதுவும் வேண்டாம். சூடு போட்டால் புண்தான் மிச்சம்; தொக்கம் எடுக்க அலைந்தால் நேரம் வீண். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பெட்டியில் அடைத்து விற்கும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. சர்க்கரை அதிகமானால் பேதியும் அதிகமாகும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் உள்ளே போய்விட்டது, உச்சிக்குழி பள்ளம் விழுந்துவிட்டது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்கு இருக்கவில்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது, பால் குடிக்கவில்லை, அல்லது குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது, காய்ச்சல் அடிக்கிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள். குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால் வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

"குழந்தை சமாச்சாரம் பொம்பளைங்க பாத்துப்பாங்க" என்று ஒதுங்க வேண்டாம். கரண்டி கரண்டியாக ஊட்டுவது ஒரு ஆள் வேலை அல்ல. நீங்கள் பாதி ராத்திரி, அவர் பாதி ராத்திரி என்று மாறி மாறி உட்காருங்கள். அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு. மகன் சொன்னால் காதில் ஏறும்.

வராமலே தடுக்கலாம்

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். குடிதண்ணீரைக் காய்ச்சி, மூடி வையுங்கள். சோறு ஊட்டும் முன்னும், குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தையின் மலத்தைத் தெருவில் எறியாமல் கக்கூசில் கொட்டுங்கள். ரோட்டா வைரஸ் என்னும் கிருமியால் வரும் பேதிக்குத் தடுப்பு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் மற்றத் தடுப்பூசிகளோடு வாய்வழியே கொடுப்பார்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் ஜிங்க் மாத்திரையும் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். பேதி வந்த பிறகு தேடி ஓடாமல், இன்றைக்கே இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கி, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டியிடமும் காட்டி, கலக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். நடுராத்திரியில் குழந்தை சொம்பைப் பார்த்துக் கை நீட்டினால், முதலில் எழுந்து கரைசலைக் கலக்குபவர் அவராகவும் இருக்கலாம்.