பெயர் பெற்ற சுவரும் பெயரில்லாத் தறியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவன்)

விலங்கியல் படிப்பவனுக்கு மெக்சிகோ நாட்டுச் சொகுசு விடுதிகளைப் பற்றி எழுத என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் ஒரு பூச்சி. பயன்தரும் பூச்சிகள் என்ற பாடத்தில் பட்டுப்புழு, தேனீ, அரக்குப்பூச்சி ஆகியவற்றுக்குப் பின் கொச்சினீல் பூச்சி வந்தது. மெக்சிகோவில் சிவப்புச் சாயம் தருவது என்று ஒரே வரிதான் சொல்லப்பட்டது. நானோ தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சாயம் என்ற பிறகு சும்மா இருக்க முடியுமா? நூலகத்தில் தேடப் புகுந்தவன், அந்தச் சாயம் தோய்ந்த கம்பளங்கள் விரிக்கப்படும் விடுதிகளின் வாசலில் போய் நின்றேன்.

ஓவியர்கள் கட்டிய விடுதி

1968இல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தன. அவ்வாண்டில் திறக்கப்பட்டது காமினோ ரியால் என்ற விடுதி. கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகொரெட்டா, கட்டி முடித்த பின் வெறும் சுவருக்குப் படம் வாங்கி மாட்டவில்லை. கட்டும்போதே கலைஞர்களை அழைத்தார். வாசலில் நிற்கும் இளஞ்சிவப்புச் சாளரச் சுவர் மத்தியாஸ் கோரிட்ஸின் படைப்பு. நெசவையே கலையாக வளர்த்த ஆனி ஆல்பர்ஸ், முக்கோணங்களால் ஆன பெரிய சுவர்த்திரை ஒன்றை அவ்விடுதிக்காகச் செய்தார். வஹாக்கா மாநிலத்தில் பிறந்த ருஃபினோ தமாயோவின் சுவரோவியமும் அங்கு இடம்பெற்றது. கலை அங்கே கட்டடத்தின் ஓர் உறுப்பு, பூசிக்கொண்ட நகையன்று.

விடுதிக்குள் வரும் கலைக்குச் சோதனைகளும் உண்டு. டியேகோ ரிவேரா 1947இல் டெல் பிராடோ விடுதியில் ஏறத்தாழ 15 மீட்டர் நீளமுள்ள சுவரோவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் ஒருவர் கையிலிருந்த தாளில் ‘கடவுள் இல்லை’ என்ற சொற்கள் இருந்தன. எதிர்ப்புக் கிளம்பியது, ஓவியம் பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டது. 1956இல் ரிவேராவே அச்சொற்களை நீக்கிய பிறகுதான் திரை விலகியது. 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் விடுதி சிதைந்தது; ஓவியம் தப்பியது. பெயர்த்தெடுக்கப்பட்ட அந்தச் சுவருக்கென்றே ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். விடுதி போயிற்று, ஓவியமும் ஓவியர் பெயரும் நிலைத்தன.

பூச்சி தந்த சிவப்பு

இனிக் கைத்தொழிலுக்கு வருவோம். வஹாக்காவில் தியோதித்லான் தெல் வாயே என்றொரு நெசவூர் உண்டு. அங்கே ஆட்டு மயிர் நூலுக்குக் கொச்சினீல் சாயம் ஏற்றுகிறார்கள். சப்பாத்திக்கள்ளி இனச் செடிகளில் ஒட்டி வாழும் இப்பூச்சியின் பெண்ணினத்தை உலர்த்திப் பொடியாக்கினால் கார்மினிக் அமிலம் கிடைக்கும். ஒரு கிலோ சாயப்பொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூச்சிகள் வேண்டும். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் செம்மஞ்சளை நோக்கிச் செல்லும். காரம் சேர்த்தால் ஊதாவாகும். நமது ஆய்வகத்தில் நாம் குழாயில் பார்க்கும் அமில கார மாற்றத்தை, கல்லூரி காணாத அந்த நெசவாளர் தலைமுறை தலைமுறையாகப் பானையில் பார்த்து வருகிறார்கள்.

இந்தப் பூச்சிக்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இச்சாயத் தொழிலை இங்கு வளர்க்க எண்ணிச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். தொழில் நிலைக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியான சப்பாத்திக்கள்ளி மட்டும் இன்றும் நம் ஊர் வேலிகளில் நிற்கிறது.

அதே வஹாக்காவின் சான் பார்த்தோலோ கொயோதேபெக் ஊரில் கரிய மண்பாண்டம் செய்கிறார்கள். பாதி உலர்ந்த பாண்டத்தைப் பளிங்குக்கல்லால் தேய்த்துச் சூளையில் இட்டால் கருமை கண்ணாடி போல மின்னும் என்று கண்டு காட்டியவர் ரோசா ரியால் என்ற குயவர் குலப் பெண்மணி. 1980இல் அவர் மறைந்தார். அவர் பெயர் இன்றும் அந்தப் பாண்டத்தோடு சேர்த்தே சொல்லப்படுகிறது.

பெயர் யாருக்கு?

ஆனால் ரோசா ரியால்கள் எத்தனை பேர்? ஓவியத்தின் கீழே ஓவியர் பெயர் இருக்கிறது. கம்பளத்தின் கீழே தரைதான் இருக்கிறது. ரிவேராவின் சொல் பிடிக்காதபோது விடுதிக்காரர்கள் அவர் மனம் மாறக் காத்திருக்க வேண்டியிருந்தது. கம்பளம் பிடிக்காவிட்டால் சுருட்டித் திருப்பி அனுப்பிவிடலாம். கைவினையால் அழகு பெறும் விடுதி, அதைச் செய்தவரின் பெயரையும் ஊரையும் எழுதி வைத்து உரிய விலையும் கொடுக்குமானால், அதுவே முழுமையான வடிவமைப்பு என்பேன்.

விடுமுறையில் என் தந்தையிடம் இதைச் சொன்னேன். “நீங்கள் நெய்த சேலை எதிலாவது உங்கள் பெயர் உண்டா, அப்பா?” என்றேன். “பெயர் எதுக்குப்பா? முந்தி ஓரத்துல நான் போடுற முடிச்ச பார்த்தா, எந்த ஊர்ல இருந்தாலும் என் சேலைன்னு சொல்லிடுவேன்” என்றார்.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். நான் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து ஒன்று நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறேன் என்பதில் தந்தைக்குப் பெருமை, எனக்கும்தான். ஆயினும் அந்த முடிச்சைப் போட நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த விடுமுறையில் கற்க வேண்டும்.